முதல் கட்டில்

டெக்சாஸ் பாலைநிலத்தில் மார்ஃபா என்றொரு சின்ன ஊர். 1970களில் நியூயார்க்கை விட்டு அங்கே வந்து சேர்ந்த சிற்பி டொனால்ட் ஜட்டுக்கு இரண்டு சிறு பிள்ளைகள். இருந்தது வாடகை வீடு. பிள்ளைகளைப் படுக்க வைக்கக் கட்டில் இல்லை. ஊர்க் கடைகளில் கிடைத்தவை பழங்கால வேலைப்பாடு போல வேஷம் கட்டிய சாமான்களும் பிளாஸ்டிக் சாமான்களும்தான். இரண்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. மரக்கடைக்குப் போனார். அங்கே எப்போதும் அடுக்கிக் கிடக்கும் ஓரங்குலக் கனம், பன்னிரண்டு அங்குல அகலப் பலகையைச் சில நீளங்களில் மட்டும் கடையிலேயே அறுத்துத் தரச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டில் நிற்க வேண்டிய இடத்திலேயே ஆணியடித்துச் சேர்த்தார். அடி மூடிய ஒரு மேடை. நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை.

அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் இதே ஜட் தன் சிற்பம் ஒன்றின் வடிவத்தை மாற்றி ஒரு மேசையாக்கப் பார்த்திருக்கிறார். மேசை கெட்டது, சிற்பமும் கெட்டது. கடைசியில் தூக்கி எறிந்துவிட்டார். இரண்டு கதைகளையும் 1993இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவரே சொல்லியிருக்கிறார். உலகம் போற்றிய அந்தச் சிற்பியின் கைத்திறன், தோற்ற மேசைக்கும் வென்ற கட்டிலுக்கும் நடுவே பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. இரண்டாம் முறை அவர், கடையில் என்ன பலகை இருக்கிறது, அதை யார் நேராக அறுப்பார்கள், தன்னால் எதைச் செய்து முடிக்க முடியும் என்ற மூன்று கேள்விகளிலிருந்து தொடங்கினார்.

படுக்கையறையைப் புதுப்பிக்கும்போது "ஒன்றிரண்டு சாமானை நாமே செய்தால் என்ன?" என்று யோசிக்கிறவர்கள் தமிழ்நாட்டிலும் இப்போது கூடிவருகிறார்கள். அவர்களில் பலர் முதலில் கைவைப்பது துணி அலமாரியில். காரணம் எளிது: மதிப்பீட்டுத் தாளில் பெரிய தொகை அதற்குத்தான் இருக்கும், மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். ஆனால் முதல் வேலைக்கு அதைவிட மோசமான தேர்வு கிடையாது. ஏழடி உயரப் பெட்டி தூக்கு நூலுக்கு நேராக நிற்க வேண்டும். கதவுகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது. ஆட்டோ ஹிஞ்ச் பதிக்க 35 மில்லிமீட்டர் வட்டக் குழிகளை இடம் பிசகாமல் எடுக்க வேண்டும். சேனல் வைத்த இழுப்பறை என்றால், பெட்டியின் அகலம் திறப்பைவிடச் சரியாக ஓரங்குலம் குறைய வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் இழுப்பறை முரண்டு பிடிக்கும். எந்தத் தவறும் மறையாது, தினமும் காலையில் சட்டை எடுக்கும்போது கண்ணில் படும்.

கட்டில் அப்படியில்லை. நேர்க்கோடுகள் மட்டுமே. நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை. தவறுகளில் முக்கால்வாசியை மெத்தை மூடிவிடும்.

முடிக்கக்கூடியதைத் தேர்ந்தெடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி ஆகிய மூவர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஐகியாவின் சாதாரணச் சேமிப்புப் பெட்டியைத் தாங்களே பொருத்தியவர்கள் அதற்குத் தர முன்வந்த விலை, பொருத்தித் தரப்பட்ட பெட்டிக்கு மற்றவர்கள் தர முன்வந்ததைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. தன் கையால் செய்ததன் மேல் வரும் அந்தப் பாசத்துக்கு 'ஐகியா விளைவு' என்று பெயர் வைத்தார்கள். பரவலாகப் பேசப்படாத பாதி அடுத்து வருகிறது: வேலையைப் பாதியில் விட்டவர்களிடம் அந்தப் பாசம் காணப்படவில்லை. மொட்டைமாடி ஓரத்தில் பாதி அறுத்த பிளைவுட் சாத்தியிருக்கும் வீடுகளில் வசிப்பவர்களுக்கு இதை ஆய்வு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆக, கட்டில். மரம் வாங்குவதற்கு முன் மெத்தையை முடிவு செய்துவிட வேண்டும். வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. இந்தியச் சந்தையில் ஒற்றை மெத்தை பெரும்பாலும் 72-க்கு 36 அங்குலம், குயின் அளவு 78-க்கு 60, கிங் 78-க்கு 72. ஆனால் 75 அங்குல நீளத்திலும் மெத்தைகள் வருகின்றன. பழைய மெத்தை நாள்பட்டு விரிந்திருக்கும். அதனால் காகிதத்தில் அச்சிட்ட அளவை நம்பாமல் டேப்பை வைத்து அளந்து, நீளத்திலும் அகலத்திலும் ஓரங்குலம் விட்டுச் சட்டத்தின் உள்ளளவைக் குறித்துக்கொள்வது வழக்கம். விரிப்பைச் செருகக் கை நுழைய வேண்டுமல்லவா?

உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்த வீட்டில் வயதில் மூத்தவர். அவர் உட்கார்ந்து எழும்போது முழங்கால் மடங்கும் உயரம்தான் மெத்தையின் மேல்மட்டம். எட்டங்குல மெத்தைக்கும் நாலங்குல இலவம்பஞ்சு மெத்தைக்கும் ஒரே கால் உயரம் பொருந்தாது.

மரக்கடையில் நுழைந்ததும் வரும் கேள்வி, "எத்தனை கன அடி சார்?" இதற்குத் திருதிருவென விழிப்பவரிடம் வியாபாரம் வேறு விதமாகத்தான் நடக்கும். கணக்கு ஒன்றும் கடினமில்லை. நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. ஆறரை அடி நீளம், ஆறங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனமுள்ள ஒரு பக்கச் சட்டம் 0.4 கன அடி வரும். தலைப்பலகை இல்லாத எளிய குயின் கட்டிலுக்கு இரண்டு பக்கச் சட்டம், இரண்டு குறுக்குச் சட்டம், மூன்றங்குலச் சதுரக் கால்கள் நான்கு, நடுவே ஒரு தாங்கு சட்டம், அதற்கு ஒரு கால், மேலே மெத்தையைத் தாங்கும் பதினான்கு ரீப்பர் பட்டை என்று கூட்டினால் ஏறக்குறைய மூன்றரை கன அடி. இழைப்பில் போவதையும் கழிவையும் சேர்த்து நான்கு கன அடி கேட்கலாம். இந்தத் தொகையைத் தாளில் எழுதிக்கொண்டு போகிறவரைக் கடைக்காரர் கொஞ்சம் மரியாதையாகவே பார்ப்பார்.

எந்த மரம்? தேக்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். இயற்கை எண்ணெய் கொண்ட அந்த மரம் சுருங்குவது குறைவு, பூச்சி எளிதில் தொடாது. ஆனால் அந்தப் புகழெல்லாம் வைரம் பாய்ந்த உள்கட்டைக்குத்தான். ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளைக் கட்டை தேக்கிலும் உளுக்கும். விலை மலிவாகச் சொல்லப்படும் 'தேக்கில்' வெள்ளை எவ்வளவு என்று பார்ப்பது வாங்குபவர் பொறுப்பு. வேங்கை கனமானது, உறுதியானது, புதியவர் கையில் இருக்கும் ரம்பத்தை அழவைப்பது. வேம்பு ஊர்ப்பக்கம் கதவு நிலைக்கெல்லாம் போட்ட மரம், கட்டிலுக்கும் நன்றாகவே ஒத்துவரும். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால் வற்றியபின் வெட்டப்படும் ரப்பர் மரம் இழைக்க எளிது, பார்வைக்கு வெளிர் மஞ்சள். ஆனால் போரான் உப்பு ஏற்றிப் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும். பதப்படுத்தாத ரப்பர் மரத்தை வண்டு மாவாக்கிவிடும்.

தொழிற்பேட்டைகளிலிருந்து வரும் பேலட் பலகையில் கட்டில் செய்வது சிலருக்குப் பிடித்திருக்கிறது. தவறில்லை, முத்திரையைப் பார்த்தால் போதும். நாடு விட்டு நாடு போகும் பேலட்டுகளிலும் மரப் பெட்டிகளிலும் கதிர்க் குறியோடு ஒரு முத்திரை அழுத்தியிருப்பார்கள். அதில் 'எச்.டி.' என்றிருந்தால் மரத்தின் உள்மையம்வரை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றியது என்று பொருள். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது. தலைவைத்துத் தூங்கும் இடத்துக்கு இரண்டாவது வேண்டாம்.

ஐப்பசி மழையில் இறுகி, சித்திரையில் தானே திறந்துகொள்ளும் வாசற்கதவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மரம் வெட்டிய பிறகும் மூச்சு விடுகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் அது உப்பும், இறங்கினால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. நீளவாக்கில் மாற்றம் கணக்கில் எடுக்கவே வேண்டாத அளவு. அகலத்தில்தான் ஆட்டம். அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகை கிண்ணம்போல வளைவதற்கு இந்த ஏற்றத்தாழ்வே காரணம். வாங்கிய மரத்தை அன்றே அறுக்காமல், கட்டில் போடப்போகும் அறையிலேயே இடையிடையே குச்சி வைத்து அடுக்கி இரண்டு வாரம் விட்டால், வளைய வேண்டியது வளைந்துவிடும். பிறகு இழைத்துக்கொள்ளலாம். பச்சை மரமென்றால் இரண்டு வாரம் எந்த மூலைக்கு? ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு காற்றில் உலர வேண்டும் என்பது பழைய கணக்கு. பதமாக உலர்ந்ததைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

அறுப்பதை ரம்ப மில்லுக்கு விட்டுவிடலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜட் செய்ததும் அதைத்தான். கட்டிலில் நேர்த்தி என்பது பெரும்பாலும் ஒரே நீளத் துண்டுகள் உண்மையிலேயே ஒரே நீளமாக இருப்பது. அதை மில்லின் பெரிய இயந்திரம் ஐந்து நிமிடத்தில் செய்துவிடும். வீட்டில் கைரம்பத்தோடு இரண்டு நாள் போராடினாலும் அந்த நேர் வராது. நம் ஊரில் சிலர் டைல்ஸ் அறுக்கும் கட்டரில் பல்வைத்த பிளேடை மாட்டிப் பலகை அறுப்பதைப் பார்க்கலாம். வருடக்கணக்கில் பழகிய ஆசாரிக்கே விரலைப் பதம் பார்த்த கருவி அது. முதல் கட்டில் செய்பவர் அதன் பக்கம் போகாமல் இருப்பது மேல்.

வீட்டில் தேவைப்படுவது கொஞ்சம்தான்: டேப், மூலைமட்டம், கூரான பென்சில், துளைபோடும் டிரில், ஓர் உளி, இழைப்புளி, நாலைந்து கிளாம்ப், உப்புத்தாள். அவற்றோடு நல்ல முகக்கவசம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உப்புத்தாள் தேய்ப்பது போதாது.

கட்டிலின் உயிர்நிலை காலும் சட்டமும் சேரும் மூலை. எட்டு இடத்தில் இந்தச் சேர்க்கை வருகிறது. புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் அதன்மேல்தான் இழுப்பு. சட்டத்தின் முனையில், அதாவது மர நரம்புகள் வெட்டுப்பட்டு நிற்கும் பக்கத்தில், திருகாணியை நேராக முடுக்கினால் பிடிப்பு வராது. வைக்கோல் கட்டின் நுனியில் குச்சி செருகியது போலத்தான். பசைக்கும் அதே கதி. இரண்டு பலகைகளை நரம்புவாக்கில் பக்கம் பக்கமாக ஒட்டினால் மரம் கிழியுமே தவிர ஒட்டு விடாது. வெட்டு முனையில் ஒட்டினால் தட்டினாலே விடும். ஒரு காலத்தில் பசைக்காக ஆசாரிகள் வச்சிரத்தைக் காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாட்டுத் தோலும் எலும்பும் வெந்த அந்த நாற்றத்தைப் பட்டறையை விட்டு விரட்டியது 1959இல் வந்த வெள்ளை ஃபெவிகால்.

கைதேர்ந்த ஆசாரி காலில் பள்ளம் எடுத்து, சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, காற்றுப் புகாமல் இறக்குவார். அதன் அழகுக்கு ஈடு கிடையாது. கயிற்றுக் கட்டில் அந்த நாக்கை நம்பியே நிற்கிறது, போதாததற்குப் பின்னிய கயிற்றின் இழுப்பே நான்கு மூலையையும் உள்ளே அழுத்திப் பிடிக்கிறது. கயிறு தளர்ந்தால் கால்மாட்டில் இருக்கும் கயிற்றை இழுத்துக் கட்டுவது மூட்டையும் சேர்த்து இறுக்குவதுதான். ஆணியோ பசையோ வேண்டாத அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் பெயர் எங்கும் இல்லை என்பது கொஞ்சம் அநியாயம்.

புதியவருக்கு ஏற்றது கட்டில் போல்ட். காலின் வழியாக நீளப் போல்ட் ஒன்று சட்டத்துக்குள் போய், உள்ளே குறுக்காகப் பதித்த நட்டைப் பிடித்துக்கொள்ளும். துளைகளை இடம் பார்த்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இதில் இன்னொரு வசதி, கழற்றலாம். இரண்டரை அடிக் கதவும் திருப்பமுள்ள மாடிப்படியும் கொண்ட வீட்டில் கட்டிலை வெளியே வைத்துப் பசைபோட்டுச் சேர்த்துவிட்டு, உள்ளே கொண்டுபோக முடியாமல் நின்றவர்கள் உண்டு. ஜட் கட்டிலை அறைக்குள்ளேயே வைத்து ஆணியடித்ததன் புத்தி அப்போதுதான் புரியும்.

சதுரம் சரியா என்று பார்க்க எளிய வழி மூலைக்கு மூலை அளப்பது. இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் சதுரம். அரை அங்குலம் வித்தியாசம் வந்தால் நீளமான மூலையைத் தட்டிச் சரிசெய்து, அதன் பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும். திருகாணி போடும் இடமெல்லாம் முதலில் மெல்லிய துளை போட்டு, ஆணியில் கொஞ்சம் மெழுகு தடவினால் மரம் பிளக்காது.

மெத்தைக்கு அடியில் முழுப் பிளைவுட் போடுவது எளிது. ஆனால் குயின் அளவுக்கு 8-க்கு 4 தாளில் இரண்டு வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊரில் மெத்தையின் அடியில் வியர்வை ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கவும் வழியுண்டு. ரீப்பர் அடுக்கினால் காற்றோட்டம் கிடைக்கும். மூன்றங்குல ரீப்பர் பதினான்கை 78 அங்குலத்தில் பரப்பினால் இடைவெளி மூன்று அங்குலத்துக்குள் அடங்கும், மெத்தை தொய்யாது. அறுபது அங்குல அகலத்தை ரீப்பர் மட்டும் தாங்காது என்பதால் நடுவே நீளவாக்கில் ஒரு சட்டமும் அதன் நடுவில் தரையைத் தொடும் காலும் கட்டாயம். அந்த ஐந்தாவது காலை மிச்சம் பிடித்த கட்டில்கள்தான் நள்ளிரவில் 'டமார்' என்று சத்தம் போடுகின்றன.

நாக்கும் பள்ளமும் தெரியாமல் ஆணியும் போல்ட்டும் வைத்துச் செய்வது தச்சுவேலையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி 1974இல் இதற்கு வேறொரு கோணத்தைக் காட்டினார். 'அவுட்டோப்ரொஜெட்டட்ஸியோனே' என்ற பெயரில் கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி என 19 சாமான்களுக்கு வரைபடம் போட்டார். வேண்டியவை சாதாரணப் பலகை, சுத்தியல், ஆணி. தபால் செலவை அனுப்பிய எவருக்கும் வரைபடம் இலவசம். ஆலைகளுக்கும் வியாபாரிகளுக்கும் மட்டும் அனுமதியில்லை. செய்தவர்கள் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மலிவான சாமான் அவர் நோக்கமல்ல. ஒரு குறுக்குக் கட்டையை எங்கே அடித்தால் ஆட்டம் நிற்கிறது என்பதைக் கையால் ஒருமுறை தெரிந்துகொண்டவரைக் கடையின் பளபளப்பு ஏமாற்றாது என்று நினைத்தார். 2020இல் அவர் மறைந்தார். வரைபடங்கள் புத்தகமாக இன்றும் அச்சில் இருக்கின்றன.

பூச்சுக்கு வரும்போது பொறுமை குறையும். 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, 180, 220 என்று ஏற வேண்டும். எப்போதும் நரம்போட்டத்தின் திசையில் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்த கீறல் பாலிஷ் போட்ட பிறகுதான் பல்லிளிக்கும். மூடிய படுக்கையறைக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பழைய பாலிஷ் நல்ல தேர்வு. ஸ்பிரிட் பறந்ததும் வாடை போய்விடும். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பது அதன் குறை. ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. அந்தத் துணி உலரும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட வேண்டும்.

கட்டில் முடிந்தபின் மீந்த துண்டுகளில் பக்கத்து மேசை ஒன்று செய்யலாம். பிளைவுட், எம்.டி.எஃப். வாங்குவதாக இருந்தால் ஃபார்மால்டிஹைடு வாயு குறைவாக விடும் ஈ-1, ஈ-0 ரகத்தைக் கேட்பது படுக்கையறைக்கு முக்கியம். துணி அலமாரி மூன்றாவதாக வரட்டும். கதவுக்கு மட்டும் ஓர் ஆசாரியை ஒருநாள் கூலிக்கு அழைத்து, பக்கத்தில் நின்று பார்ப்பது எந்தப் பயிற்சி வகுப்புக்கும் குறைந்ததல்ல. உயரமான எந்தப் பெட்டியையும் சுவரோடு பிணைத்துவிட வேண்டும். இழுப்பறையில் ஏறும் குழந்தைகள்மேல் அலமாரி கவிழ்ந்த விபத்துகளால் அமெரிக்காவில் 2022 இறுதியில் அலமாரிகள் எளிதில் கவிழாமல் இருக்கவென்றே 'ஸ்டர்டி' என்று ஒரு சட்டம் வந்தது.

புதுக் கட்டில் முதல் இரண்டு மாதம் பேசாமல் இருக்கும். பிறகு ஒருநாள் இரவு, புரளும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம். பயந்து மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் எதுவும் உடைந்திருக்காது. மரம் இன்னும் கொஞ்சம் உலர்ந்து சுருங்கியதில் போல்ட் தளர்ந்திருக்கும். ஸ்பானரை எடுத்து எட்டு போல்ட்டையும் கால் சுற்று இறுக்கினால் சத்தம் அடங்கிவிடும். அடுத்த மழைக்காலம் கழிந்ததும் இன்னொரு முறை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஸ்பானரைக் கட்டிலுக்கு அடியிலேயே ஓர் ஆணியில் மாட்டி வைப்பது வசதி.